தோரணம் கட்டியது யார்?

பிரிட்டன் அரசின் இணையதளத்துக்கு கவ்.யூகே என்று பெயர். அதில் பொது விடுமுறைகளைப் பட்டியலிடும் பக்கம் ஒன்று உண்டு. பெரும்பாலான நாள்களில் அது தேதிகளும் பெயர்களுமாகச் சாதுவாகக் கிடக்கும். ஈஸ்டர் திங்களன்று திறந்தால் பக்கத்தின் மேலே வண்ணத் தோரணம் தொங்கும். மறுநாள் போய்ப் பார்த்தால் காணாது. ஈஸ்டர் திங்களுக்கு மூன்று நாள் முன்னால் வந்த புனித வெள்ளியும் பொது விடுமுறைதான். அன்று தோரணம் கிடையாது. 2023 மே 8 அன்று மூன்றாம் சார்ல்ஸ் மன்னரின் முடிசூட்டுக்காக விடுமுறை விட்டார்கள். தோரணம் உண்டு. 2022 செப்டம்பர் 19 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் இறுதிச் சடங்குக்காக விடுமுறை விட்டார்கள். தோரணம் இல்லை.

விடுமுறை நாளில் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். விடியற்காலையில் வந்து தோரணம் கட்டியது யார்? எது கொண்டாட்டம், எது துக்கம் என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது?

விடையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தின் முகவரிக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து ஜேசான் என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்தால், அழகெல்லாம் உதிர்ந்து வெறும் பட்டியல் ஒன்று திரையில் வரும். தகவலைப் பெயரும் மதிப்புமாக அடுக்கி எழுதும் ஒரு முறைக்குத்தான் ஜேசான் என்று பெயர். அந்தப் பட்டியலில் ஒவ்வொரு விடுமுறைக்கும் நான்கு கட்டங்கள். விடுமுறையின் பெயர், தேதி, குறிப்பு ஆகியவை மூன்று. நான்காவது கட்டம், தோரணம். அதில் ஆம் அல்லது இல்லை என்ற இரண்டில் ஒன்றுதான் இருக்கும். புனித வெள்ளிக்கு நேரே இல்லை. ஈஸ்டர் திங்களுக்கு நேரே ஆம். 1690-ல் நடந்த பாய்ன் போரை நினைவுகூரும் வட அயர்லாந்தின் ஜூலை விடுமுறைக்கு நேரே இல்லை. காரணம் பட்டியலில் எழுதப்படவில்லை. ஆனால் ஒரு சமூகம் வெற்றி என்று கொண்டாடுவதை இன்னொரு சமூகம் தோல்வி என்று நினைவில் வைத்திருக்கும் ஊரில் அரசு தோரணம் கட்டத் தயங்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

ஆக, தோரணம் கட்டலாமா என்ற முடிவு விடுமுறையன்று காலையில் எடுக்கப்பட்டதல்ல. பல நாள்களுக்கு முன்பே யாரோ ஒருவர் யோசித்து, உரிய கட்டத்தில் குறித்துவிட்டார். நிரல் செய்வதெல்லாம் இன்றைய தேதி பட்டியலில் இருக்கிறதா, இருந்தால் நான்காவது கட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான். இந்தச் சின்ன ஏற்பாட்டுக்குள் அரசு இணையதளங்களின் இயந்திரத் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

பக்கம் எங்கே இருக்கிறது?

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்துக்குப் போனவர்களுக்கு நடைமுறை தெரியும். மாதிரிகள் ஒட்டிய ஆல்பத்தைக் காட்டுவார்கள். ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்ததும் ஒரு தாளைக் கொடுப்பார்கள். மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபம் என்று அதை நிரப்பிக் கொடுத்தால் போதும். பிள்ளையார் எங்கே, குத்துவிளக்கு எங்கே, மணமகன் பெயருக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் மாதிரியில் ஏற்கெனவே முடிவானவை. மாதிரி அச்சகத்தில் இருக்கிறது. பெயர்கள் நீங்கள் நிரப்பிய தாளில் இருக்கின்றன. இரண்டும் சேரும் கணத்தில்தான் பத்திரிகை பிறக்கிறது.

இணையப் பக்கமும் அப்படித்தான். நாம் பார்க்கும் பக்கம் அதே வடிவில் ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டிருப்பதில்லை. சொல்ல வேண்டிய செய்தி கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டு ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. அது எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சொல்லும் வார்ப்புரு வேறோர் இடத்தில் இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் பக்கம். செய்தியை நிரப்பவும், திருத்தவும், சரிபார்க்கவும், வெளியிடவும் அலுவலர்களுக்குத் தரப்படும் திரைகளின் தொகுப்பையே உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்கிறோம். வேர்ட்பிரஸ், ட்ரூபல் ஆகியவை உலகறிந்த இரண்டு. அமெரிக்க வெள்ளை மாளிகையின் தளம் 2009-ல் ட்ரூபலுக்கும் 2017-ல் வேர்ட்பிரஸுக்கும் மாறியது. பிரிட்டன் தனக்கென்று சொந்தமாக எழுதிக்கொண்டது.

விடுமுறைப் பட்டியல் சின்னது என்பதால் நிரலாளர்களே அதை ஒரு கோப்பாக வைத்திருக்கிறார்கள். மற்றபடி அரசு அலுவலர்கள் எழுதும் அறிவிப்புகள், வழிகாட்டல்கள், அறிக்கைகள் என்று பல லட்சம் பக்கங்கள் இந்த அமைப்பின் வழியாகவே வெளியே வருகின்றன.

முன்பெல்லாம் அப்படியில்லை. ஒவ்வொரு துறைக்கும் ஒரு தளம், ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தோற்றம். குடிமக்களுக்கு டைரக்ட்கவ், தொழில்செய்வோருக்கு பிசினஸ் லிங்க் என்று இரண்டு பெரிய தளங்கள் வேறு. எந்தத் துறை எதைக் கவனிக்கிறது என்று தெரிந்தவருக்கே தகவல் கிடைக்கும். 2010-ல் தொழில்முனைவோரான மார்த்தா லேன் ஃபாக்ஸ், எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று அரசுக்குப் பரிந்துரைத்தார். அதற்கென அமைந்த அரசு டிஜிட்டல் சேவைப் பிரிவு 2012 அக்டோபர் 17 அன்று கவ்.யூகேயை வெளியிட்டது. அடுத்த ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் தளங்கள் அதற்குள் வந்து சேர்ந்தன.

ஒரே இடத்துக்கு வந்ததன் பலன் 2024 பிப்ரவரியில் கண்கூடாகத் தெரிந்தது. பிரிட்டனில் அரியணையில் இருப்பவர் மாறினால் அரசுச் சின்னங்களில் வரையப்படும் மகுடத்தின் வடிவமும் மாறக்கூடும். எலிசபெத் அரசி செயின்ட் எட்வர்டு மகுடத்தைப் பயன்படுத்தினார். சார்ல்ஸ் மன்னர் ட்யூடர் மகுடத்தைத் தேர்ந்தெடுத்தார். தளத்தின் தலைப்பில் இருக்கும் மகுடத்தை மாற்ற எந்த அலுவலரும் எந்தப் பக்கத்தையும் திறக்கவில்லை. அச்சகத்தில் மாதிரியை மாற்றினார்கள். நிரப்பிய தாள்களை யாரும் தொடவில்லை. லட்சக்கணக்கான பக்கங்கள் புது மகுடம் சூடிக்கொண்டன.

வார்ப்புருவில் மகுடம் மட்டும் இல்லை. 'வெளியிட்ட நாள்', 'கடைசியாகப் புதுப்பித்தது' போன்ற நிலையான சொற்களும் அதில்தான் இருக்கின்றன. பிரிட்டிஷ் தூதரகங்கள் பல நாட்டு மக்களுக்கும் எழுத வேண்டியிருப்பதால், அச்சொற்களை மொழிவாரியாகத் தனிக் கோப்புகளில் வைத்திருக்கிறார்கள். இலங்கையின் இரு மொழிகளான சிங்களத்துக்கும் தமிழுக்கும் அவற்றில் இடம் உண்டு. ஆனால் அந்தச் சொற்களுக்கு நடுவே வர வேண்டிய செய்தியைத் தமிழில் எழுத ஓர் ஆள் வேண்டும். சட்டகம் எல்லா மொழிக்கும் இலவசமாகக் கிடைக்கும். சரக்கு அப்படிக் கிடைக்காது.

எழுதுபவர் மேசையில்

துறை அலுவலர் ஒருவர் புது அறிவிப்பை எழுத உட்காருகிறார். அவர் முன்னால் இருப்பது வைட்ஹால் பப்ளிஷர் என்ற திரை. தலைப்பு, சுருக்கம், உடற்பகுதி, வெளியிடும் துறை, இணைப்புகள் எனக் கட்டங்கள். எழுத்துருவை மாற்றும் பொத்தான் இல்லை. சிவப்பில் அடிக்க வழியில்லை. தளம் முழுக்க ஒரே எழுத்துரு. பிரிட்டனின் சாலைப் பலகைகளுக்கு எழுத்து வடிவமைத்த இருவருள் ஒருவரான மார்கரெட் கால்வர்ட்டின் வழிவந்த எழுத்து அது. உடற்பகுதியை கவ்ஸ்பீக் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுத வேண்டும். வரியின் தொடக்கத்தில் இரண்டு வேலிக்குறி (#) போட்டால் அது உட்தலைப்பு.

இது அலுவலரின் கையைக் கட்டுவதுபோலத் தோன்றும். காரணம் இருக்கிறது. ஒரு வரியைத் தடித்த பெரிய எழுத்தில் அடித்தால் கண் அதைத் தலைப்பு என்று புரிந்துகொள்ளும். பார்வையற்றவரின் கணினியில் பக்கத்தைப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்கு அது வெறும் பெரிய எழுத்து. தலைப்பு என்று தெரியாது. தலைப்புக்குத் தலைப்பு தாவி, வேண்டிய பகுதிக்குப் போவதுதான் அவர்கள் நீண்ட பக்கங்களைப் படிக்கும் முறை. தலைப்பு என்று குறியிட்டால்தான் அந்தத் தாவல் நடக்கும். அதனால் எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் உரிமையை எழுதுபவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, இது என்ன என்று சொல்லும் கடமையை மட்டும் அவரிடம் விட்டார்கள்.

எழுதி முடித்ததும் நேராக வெளியிடக் கூடாது. எழுதியவர் அல்லாத இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணப் பத்திரிகையின் மெய்ப்பைக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பமாட்டோமே, அதே காரணம்தான். தான் எழுதியதில் உள்ள பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. இந்த இரண்டாம் பார்வையை அந்த அலுவலகங்களில் சுருக்கமாக 'டூ-ஐ' என்பார்கள்.

சரி, நள்ளிரவில் ஓர் அவசரம். இரண்டாவது ஆள் தூங்குகிறார். அப்போது என்ன செய்வது? வழியே இல்லை என்று அமைப்பு பிடிவாதம் பிடித்தால் ஒரு வாரத்துக்குள் அலுவலர்கள் ஒருவர் கடவுச்சொல்லை மற்றவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு யார் எழுதினார், யார் ஒப்புக்கொண்டார் என்ற பதிவே பொய்யாகிவிடும். எனவே 'ஃபோர்ஸ் பப்ளிஷ்', அதாவது கட்டாய வெளியீடு என்ற பொத்தானை வைத்திருக்கிறார்கள். காரணத்தை எழுதிவிட்டுத் தனியாளாகவே வெளியிடலாம். ஆனால் இரண்டாவது ஆள் இன்னும் பார்க்கவில்லை என்ற அடையாளம் அந்த ஆவணத்தின் மேல் உள்ளே நிற்கும். பின்னால் ஒருவர் படித்து ஒப்புதல் தந்தால்தான் விலகும். விதியை மீற இடம் உண்டு, மீறியதை மறைக்க இடம் இல்லை.

திருத்தத்திலும் இதே நேர்மை. வெளியான பக்கத்தை மாற்றும்போது, மாற்றம் பெரியதா சிறியதா என்று அமைப்பு கேட்கும். எழுத்துப்பிழை திருத்தம் சிறியது, சத்தமில்லாமல் போய்விடும். கட்டணம் மாறியது, தகுதி மாறியது என்றால் பெரியது. என்ன மாறியது என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரி பக்கத்தின் வரலாற்றில் தேதியோடு ஏறும். அந்தப் பக்கத்துக்குச் சந்தா சேர்ந்தவர்களுக்கு மின்னஞ்சலாகவும் போகும். நேற்றுவரை ஒன்று சொல்லிவிட்டு இன்று வேறொன்றைச் சொல்லி, எப்போதுமே இதைத்தான் சொன்னோம் என்று சாதிப்பது கடினமாகிவிடுகிறது.

ஆட்சி மாறும்போது

தேர்தலில் ஆட்சி மாறினால் பழைய அரசின் கொள்கை அறிக்கைகளை என்ன செய்வது? அழித்தால் வரலாறு போகும். அப்படியே விட்டால், இணையத்தில் தேடி வந்து படிப்பவர் அதை இன்றைய அரசின் நிலைப்பாடு என்று நினைப்பார். கவ்.யூகே நடுவழி ஒன்றைக் கண்டது. கட்சி ஆட்சியோடு பிணைந்த ஆவணங்களுக்கு, இது அரசியல் சார்ந்தது என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. எந்த அரசு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்பது தனிப் பட்டியலாக இருக்கிறது. ஓர் அரசு முடிந்ததாக அந்தப் பட்டியலில் குறித்த உடனே, அதன் காலத்தில் வெளிவந்து அரசியல் என்று குறிக்கப்பட்ட ஒவ்வொரு ஆவணத்தின் தலையிலும் பட்டை ஒன்று தோன்றும். உதாரணமாக, இது 2010 முதல் 2015 வரை இருந்த கன்சர்வேடிவ்–லிபரல் டெமாக்ரட் கூட்டணி அரசின்கீழ் வெளியானது என்று அந்தப் பட்டை சொல்லும். வாகன உரிமம் பெறும் முறையைச் சொல்லும் பக்கத்தில் அப்படிப் பட்டை வராது. அது எந்தக் கட்சிக்கும் உரியதல்ல.

இதிலும் ஓர் ஆள் முன்கூட்டி எடுத்த முடிவு, ஆண்டுகள் கழித்துத் தானாகச் செயல்படுகிறது. அந்த முடிவை எடுத்த அலுவலர் அப்போது ஓய்வுபெற்றிருக்கலாம்.

பூட்டாத அறை

அமைப்பு தன் வேலையைச் சரியாகச் செய்தும் பக்கம் வாசகரைச் சேராமல் போவதுண்டு. ஒவ்வொரு வாசகர் கேட்கும்போதும் செய்தியையும் வார்ப்புருவையும் புதிதாக இணைத்துக்கொண்டிருந்தால், கூட்டம் அதிகமான நாளில் கணினி மூச்சுத்திணறும். ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனித்தனியாக அச்சுக்கோத்துப் பத்திரிகை அடிப்பதற்குச் சமம் அது. அதனால் ஒருமுறை உருவான பக்கத்தின் நகல்களை, உலகெங்கும் பரவிய இடைநிலைக் கணினிகளில் சில நிமிடங்கள் சேமித்து வைத்து அங்கிருந்தே கொடுக்கிறார்கள். இதை இடைச்சேமிப்பு என்கிறோம். அப்படிச் சேமித்துத் தரும் ஃபாஸ்ட்லி நிறுவனத்தின் மென்பொருளில் பதுங்கியிருந்த பிழை ஒன்று 2021 ஜூன் 8 அன்று வெடித்தபோது, கவ்.யூகேயும் பல செய்தித் தளங்களும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருண்டன. தரவுத்தளத்தில் ஓர் எழுத்துகூடக் கெடவில்லை. விநியோகம் நின்றது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறான விபத்து, வரக்கூடாத நேரத்தில் வெளியே வருவது. 2025 நவம்பர் 26 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் பட்ஜெட் உரை ஆற்ற இருந்தார். உரை முடிந்த பிறகு, பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் தன் பொருளாதாரக் கணிப்பு அறிக்கையை வெளியிடுவது வழக்கம். உரை தொடங்குவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே அந்த அறிக்கை செய்தி நிறுவனங்களின் கைக்கு வந்துவிட்டது. பட்ஜெட்டில் என்ன வரப்போகிறது என்பது அமைச்சர் எழுந்து நிற்பதற்கு முன்பே சந்தைக்குத் தெரிந்துபோனது.

யாரும் உள்ளே புகுந்து திருடவில்லை. அந்த அலுவலகம் கவ்.யூகேயில் இல்லை, வேர்ட்பிரஸில் தனித் தளம் நடத்தியது. அறிக்கைக்கான பக்கம் இன்னும் வெளியாகவில்லை, இணைப்பும் எங்கும் தரப்படவில்லை. ஆனால் அறிக்கையின் கோப்பு சர்வரில் ஏற்றப்பட்டுவிட்டது. கோப்பின் முகவரி முந்தைய அறிக்கையின் முகவரியைப் போலவே அமைந்தது. மாதத்தின் பெயரை மாற்றித் தட்டினால் போதும். கோப்புகளை இறக்கித் தரும் செருகுநிரல் ஒன்றும் சர்வரின் அமைப்பும் சேர்ந்து, கேட்டவருக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டன. விசாரணை அறிக்கை இதை விளக்கியதோடு, அந்த ஆண்டு மார்ச் அறிக்கையும் நேரத்துக்கு முன்பே ஒருமுறை எடுக்கப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தது. சர்வரின் வருகைப் பதிவேடு அத்தனையையும் எழுதி வைத்திருந்தது. டிசம்பர் 1 அன்று அலுவலகத்தின் தலைவர் ரிச்சர்ட் ஹியூஸ் பதவி விலகினார்.

பத்திரிகையை யாருக்கும் கொடுக்கவில்லை என்பது வேறு, அச்சான கட்டைப் பூட்டிய அறையில் வைத்திருக்கிறோம் என்பது வேறு. வேர்ட்பிரஸில் பக்கமும் கோப்பும் தனித்தனிப் பொருள்கள். பக்கத்துக்கு வெளியீட்டு நேரம் குறித்தால் அது பக்கத்தையே கட்டுப்படுத்தும். பதிவேற்றிய கோப்பைக் காக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும். கவ்.யூகேயில் வரைவுகளுக்கு ஒரு கிடங்கு, வெளியானவற்றுக்கு இன்னொரு கிடங்கு. பொதுமக்களுக்குப் பதில் சொல்லும் கணினி வரைவுக் கிடங்கின் பக்கம் திரும்புவதே இல்லை. இணைப்புக் கோப்புக்கும் வரைவு நிலை உண்டு; அந்த நிலையில் உரிய அனுமதி உள்ளவருக்கே அது கிடைக்கும். முகவரியை யாரும் ஊகிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் எதுவும் நிறுத்தப்படவில்லை.

இதெல்லாம் வெளியில் இருக்கும் நமக்கு எப்படித் தெரிகிறது? கவ்.யூகேயை இயக்கும் நிரல்களில் பெரும்பகுதியை கிட்ஹப் தளத்தில் யாரும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். தளத்தின் பெரும்பாலான பக்கங்களில், முகவரியின் நடுவே 'ஏபிஐ', 'கன்டென்ட்' என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சாய்கோடுகளோடு செருகினால், வார்ப்புருவில் ஏறாத வெறும் கட்டங்கள் வந்துவிடும். எந்தத் துறை, எப்போது, எந்த மாற்றம், எந்த அரசின் காலம் என்று அவற்றில் பார்க்கலாம்.

ஓர் அரசு அலுவலகம் புதிய தளம் அமைக்கப் போகிறது என்றால் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு முகப்பின் நிறம், நகரும் படங்கள், தலைவரின் புகைப்படம் எங்கே என்பதாகத்தான் இருக்கும். வார்ப்புரு தனியாக இருப்பதால் அவற்றை எப்போது வேண்டுமானாலும் ஒரு மாலைப்பொழுதில் மாற்றிவிடலாம். கட்டங்கள் அப்படியல்ல. பத்து ஆண்டு ஆவணங்கள் ஏறிய பிறகு, 'இதை ஒப்புக்கொண்டவர் யார்' என்ற கட்டம் இல்லையே என்று தோன்றினால், அத்தனை ஆவணத்துக்கும் அந்த விவரத்தை இனி யாரும் நிரப்ப முடியாது. எந்த முடிவையெல்லாம் பதிவு செய்யப் போகிறோம், யார் பார்த்த பிறகு வெளியிடப் போகிறோம், வெளிவராததை எங்கே பூட்டப் போகிறோம் என்ற மூன்றுக்கும் முதல் கூட்டத்திலேயே விடை எழுதிக்கொள்வது நல்லது. நிறத்தைப் பற்றி இரண்டாவது கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.